புதுத் தொற்று வந்தால் வீட்டில் யார் யாரைப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: டாக்டர், எங்கோ ஒரு புதிய காய்ச்சல் பரவுவதாகச் செய்தி வந்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. வீட்டில் ஆறு பேர். மாமனாருக்கு 74 வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மாமியாருக்கு ஆஸ்துமா. பிள்ளைகளுக்கு 9 வயதும் 4 வயதும். இரண்டு படுக்கையறை, ஒரே குளியலறை. இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலைப் பார்த்துச் சாமான் வாங்கத் தொடங்கினேன். பாதியிலேயே என் கணவர், "வராத நோய்க்காக வீட்டைக் கிடங்காக்காதே" என்று சண்டைக்கு வந்துவிட்டார். உண்மையில் என்னதான் வாங்கி வைக்க வேண்டும்? ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மாத்திரைகள், ஆக்சிஜன் சிலிண்டர் இவையெல்லாம் கையிருப்பில் இருக்க வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னென்ன வாங்குவது என்று நிறைய இருக்கிறது. யார் படுத்தால் யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். சாமான் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

1918 இன்ஃப்ளூயன்ஸாவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மருந்தில்லாத காலம் என்றுதான் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் ஒரு வீட்டில் இருந்த அத்தனை பேரும் ஒரே வாரத்தில் படுத்துவிட்ட இடங்களில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லாமல் போனதும் சாவுகளைக் கூட்டியது. புதிய தொற்று எதுவானாலும், பெரும்பாலானவர்கள் அதை வீட்டில் படுத்தபடிதான் கடப்பார்கள். ஆகவே வீட்டைத் தயார் செய்வது என்றால் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கவும், அவரிடமிருந்து மற்ற ஐவரைக் காக்கவும் தயாராவதுதான். இதில் கடையில் கிடைப்பது கொஞ்சம்தான்.

எனவே முதலில் ஆளை முடிவு செய்யுங்கள். நோயாளியின் அறைக்குள் போக ஒரே ஒரு பெரியவர், அவரும் படுத்துவிட்டால் மாற்றாக இன்னொருவர். மாமியாருக்கு ஆஸ்துமா இருப்பதால் அவர் வேண்டாம். மாமனார் நிச்சயம் வேண்டாம். மிச்சம் நீங்களும் உங்கள் கணவரும். பல வீடுகளில் இந்த வேலை பேசாமலேயே பெண்ணின் தலையில் விழுந்துவிடும். உங்கள் வீட்டில் நான்கு வயதுக் குழந்தை உங்களைத்தான் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றால், அறைக்குள் போகிறவர் உங்கள் கணவராக இருப்பதே புத்திசாலித்தனம். இதைச் சொன்ன பிறகு அவரும் ஏற்பாடுகளில் கொஞ்சம் அக்கறை காட்டுவார் என்று நினைக்கிறேன்! நீங்கள் இருவருமே படுத்துவிட்டால் பிள்ளைகளையும் முதியவர்களையும் யார் பார்ப்பது? உறவினரோ நண்பரோ அண்டை வீட்டாரோ, ஒருவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அவருக்கு அப்படி ஒரு நிலை வந்தால் நீங்கள் உதவுவதாகவும் சொல்லுங்கள். தனியாக வாழ்கிறவர் யாராவது அக்கம்பக்கத்தில் இருந்தால், அவரையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எதிலிருந்து காத்துக்கொள்வது? புதிய நோய் என்றால் எப்படிப் பரவுகிறது என்பது முதல் வாரங்களில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கோவிட் தொடங்கிய மாதங்களில் உலகமே வாங்கி வந்த பொட்டலங்களைத் துடைத்துக்கொண்டிருந்தது. அடைத்த அறையில் ஒன்றாக மூச்சு விடுவதுதான் பெரிய ஆபத்து என்பது எல்லோருக்கும் உறைப்பதற்குள் வெகுநாள் ஆகிவிட்டது. ஆனால் கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வரும் வழிகள் எண்ணிவிடக்கூடியவைதான். மூச்சுக்காற்றும் எச்சில் திவலைகளும், கையும் தொடுகையும், மலமும் அது கலந்த நீரும் உணவும், ரத்தமும் உடலின் மற்ற நீர்களும், கொசு போன்ற பூச்சிகள். 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது நோயாளியைத் தொட்டுக் கவனித்த வீட்டாருக்கே அது அதிகம் தொற்றியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அமெரிக்கக் கண்டங்களில் பரவிய ஜிகாவுக்கு முக்கிய வாகனம் கொசு. எந்த வழி என்று தெரியவரும்வரை மூச்சுக்காற்றையும் கையையும் முதலில் கவனியுங்கள். தெரிந்ததும் கவனத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். கொசு வழி என்று தெரிந்த பிறகும் மாஸ்க்கை மட்டும் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைத் திறந்து வைத்திருப்பதில் பயனில்லை.

இன்னொரு விஷயமும் நோய்க்கு நோய் மாறும். 2003-இல் பரவிய சார்ஸ் என்ற நுரையீரல் தொற்றின் நோயாளிகள், நோய் முற்றிய இரண்டாவது வாரத்தில்தான் அதிகமாகப் பரப்பினார்கள். அதனால் காய்ச்சல்காரரைத் தனியே வைத்ததுமே பரவல் அடங்கியது. கோவிட் அப்படியில்லை. அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். இப்போது பேசப்படும் காய்ச்சல் இந்த இரண்டில் எந்த வகை என்ற செய்தி வருகிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால், வீட்டில் ஒருவர் இருமத் தொடங்கும்போதே மற்றவர்களுக்கும் தொற்றியிருக்கலாம். அப்போது மாமனார் மாமியாரை, யாரும் நோயாகும் முன்பே, வெளியே போய்வருகிறவர்களிடமிருந்து கொஞ்சம் விலக்கி வைக்க வேண்டியிருக்கும்.

சரி, அறைக்கு வருவோம். இரண்டு படுக்கையறையில் ஒன்றை நோயாளிக்கென்று குறித்து வையுங்கள். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் உள்ள அறையாக இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து, அதன் முன்னால் ஒரு மேசை மின்விசிறியை வெளியே பார்த்தபடி வையுங்கள். அறைக் காற்றை அது வெளியே தள்ளும். கதவு மூடியே இருக்கட்டும், ஆனால் கதவின் அடியில் உள்ள இடைவெளியைத் துணி வைத்து அடைக்காதீர்கள். வீட்டுக் காற்று அந்த வழியாக அறைக்குள் நுழைந்து ஜன்னல் வழியாக வெளியேற வேண்டும். சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிது. மெல்லிய காகிதத்தில் ஒரு கீற்று கிழித்து, கதவுக்கு வெளியே, அந்த அடி இடைவெளியின் அருகில் பிடியுங்கள். கீற்று கதவை நோக்கி இழுபட்டால் நல்லது. உங்கள் பக்கம் படபடத்தால் நோயாளியின் காற்று ஹாலுக்கு வருகிறது என்று பொருள். விசிறியையோ மற்ற ஜன்னல்களையோ மாற்றி வைத்துப் பாருங்கள். சுவரில் மாட்டும் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும், அதை நம்ப வேண்டாம்.

ஒரே குளியலறை என்று எழுதியிருக்கிறீர்கள். நிறைய வீடுகளில் இதே நிலைதான், இதைச் சமாளிக்க முடியும். காலையில் மற்றவர்கள் முடித்த பிறகு நோயாளி போகட்டும். போகும்போது மாஸ்க். ஃப்ளஷ் செய்யும் முன் மூடியைப் போட வேண்டும். அவர் வந்த பிறகு ஜன்னலைத் திறந்து வைத்தோ எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டோ, முடிந்தால் அரைமணி நேரம் யாரும் போகாமல் இருங்கள். அதன் பிறகு குழாய்த் திருகு, கதவுத் தாழ்ப்பாள், ஃப்ளஷ் பொத்தான் இவற்றைத் துடைத்தால் போதும், சுவரெல்லாம் கழுவ வேண்டாம். அவருடைய துண்டும் பல் துலக்கும் பிரஷும் அவர் அறையிலேயே இருக்கட்டும்.

குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் துளையையும் கவனியுங்கள். அதன் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். 2003-இல் ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் பரவியது. ஆராய்ந்தபோது, பல வீடுகளில் இந்த வளைவு காய்ந்து கிடந்ததும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது கழிவுக் குழாயின் காற்று குளியலறைக்குள் இழுக்கப்பட்டதும் முக்கியக் காரணமாகத் தெரியவந்தது. உபயோகிக்காத துளை ஏதாவது இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். காசு செலவில்லாத காரியம், உங்கள் பட்டியலில் நிச்சயம் இருந்திருக்காது.

நான்கு வயதுக் குழந்தைக்கே வந்துவிட்டால் இந்தத் தனியறை ஏற்பாடு நடக்காது. அந்த வயதில் தனியே அடைத்து வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. மாஸ்க்கும் சரியாக நிற்காது. பெரியவர் ஒருவர் குழந்தையோடு அறைக்குள் போய்விட வேண்டியதுதான், அவருக்கும் தொற்றும் என்று ஏற்றுக்கொண்டே. அந்த நாட்களில் தாத்தா பாட்டி மற்ற அறையில், மற்றவர்கள் ஹாலில். பெரிய பிள்ளையிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சாதாரணமாகச் சொல்லி வையுங்கள். ஒன்பது வயதில் விஷயம் புரியும். மறைத்தால்தான் கற்பனை ஓடும்.

மாஸ்க்கில் துணி மாஸ்க்கை விட்டுவிடுங்கள். அறைக்குள் போகிறவருக்கு என்95 வகை. 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுப்பதால்தான் அந்தப் பெயர், ஆனால் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தினால்தான் அந்தக் கணக்கு. தாடி இருந்தால் ஓரங்களில் காற்று புகுந்துவிடும். (உங்கள் கணவருக்குத் தாடி இருந்தால் இன்னொரு சண்டைக்கு வழி செய்துவிட்டேன்.) முன்னால் வால்வு உள்ளதை நோயாளிக்குக் கொடுக்காதீர்கள். அவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் அதன் வழியே வெளியே வந்துவிடும். என்95-ஐத் துவைக்கவும் கூடாது. பெரியவர்களுக்கு ஆளுக்கு ஓர் ஏழெட்டு இருந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போட்டு நாளுக்கொன்றாகச் சுழற்சியில் பயன்படுத்தலாம். பெட்டி பெட்டியாக வாங்க வேண்டாம். 2020-இன் தொடக்கத்தில் பல நாடுகளில் மருத்துவமனை ஊழியர்களுக்கே மாஸ்க் கிடைக்காமல் போனதில் வீடுகளில் போய்ப் பதுங்கிய பெட்டிகளுக்கும் பங்கு உண்டு.

கைக்கு சோப்பும் தண்ணீரும், இருபது விநாடி. சானிடைசர் வெளியே போகும்போது வசதி, அதில் ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்க வேண்டும். ஆனால் வாந்தி பேதி உண்டாக்கும் நோரோவைரஸ் போன்றவற்றிடம் சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது. புதிய நோயில் வயிற்றுப்போக்கும் இருப்பதாகச் செய்தி வந்தால் சோப்பையே நம்புங்கள். தரையையும் கைபடும் இடங்களையும் துடைக்க 5 சதவீத பிளீச் திரவம் இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி போதும். முதலில் அழுக்கை சோப்புத் தண்ணீரால் எடுத்துவிட்டு, பிறகு இதைத் தடவிச் சில நிமிடம் ஈரமாகவே விடுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் அங்கேயே வீணாகிவிடும். கலந்து வைத்தது ஒரு நாள்தான் தாங்கும். அமிலம் கலந்த கழிப்பறைக் கிளீனரோடு இதை ஒருபோதும் சேர்க்கக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்ததோடும் கூடாது.

இனி மாமனார். உங்கள் வீட்டில் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறவர் அவர். தொற்று அவரைத் தாக்காமலே போகலாம். மருந்துக் கடை அடைத்திருந்தாலோ மருந்து வரத்து தடைப்பட்டாலோ அவர் அதில் விழுந்துவிடுவார். ஆகவே உங்கள் முதல் கொள்முதல் அவருடைய வழக்கமான மருந்துகள்தான், ஒரு மாதத்துக்குக் கூடுதலாக. மாமியாரின் இன்ஹேலருக்கும் அதே கணக்கு. புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்து, பழையதை முதலில் எடுங்கள். திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஃப்ரீசர் பக்கம் போகவே கூடாது. உறைந்துபோன இன்சுலினை உருக்கிப் போட முடியாது. பயன்பாட்டில் இருப்பதில் பெரும்பாலான வகைகள், வெயில் படாத இடத்தில், சுமார் நான்கு வாரம் தாங்கும்.

அதைவிட முக்கியம், அவருடைய மருத்துவரிடம் இப்போதே ஒரு கேள்வி கேட்டு, பதிலைக் காகிதத்தில் எழுதி வாங்குவது. காய்ச்சல் வந்து சாப்பாடு இறங்காத நாளில் எந்த மருந்தைத் தொடர்வது, எதை நிறுத்துவது? சாப்பிடவில்லையே என்று இன்சுலினை அடியோடு நிறுத்திவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. அது ஆபத்து. சாப்பிடாவிட்டாலும் காய்ச்சலே சர்க்கரையை ஏற்றிவிடும். அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்க்க வேண்டியிருக்கலாம். அதே சமயம் வாந்தி பேதியில் உடம்பு வறண்டால் மெட்ஃபார்மின், எஸ்ஜிஎல்டி-2 வகைச் சர்க்கரை மாத்திரைகள், நீர் பிரியும் மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள் ஆகியவற்றைச் சில நாள் நிறுத்தச் சொல்வோம். அவருக்கு எது எப்படி என்று அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு நோய் முற்றியிருக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் கிடைக்காது.

மாமியாருக்கு, மருந்தை ஆவிபோலத் தரும் நெபுலைசர் வைத்திருந்தால், தொற்றுக் காலத்தில் அதற்குப் பதில் ஸ்பேசர் என்ற குழாய் பொருத்திய இன்ஹேலர் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். பெரும்பாலான மூச்சிரைப்புக்கு அது சமமாகவே பலன் தரும், அறை முழுக்க நுண்திவலைகளும் பரவாது. தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரை, நன்றாக இருக்கிறேனே என்று அவர் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் மூன்று பொருளுக்கு வருகிறேன்.

ஆன்டிபயாடிக் வேண்டாம். புதிய தொற்றுகளில் பெரும்பாலானவை வைரஸ்கள், அவற்றிடம் ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு இன்னும் மோசம். 2020-இல் இங்கிலாந்தில் நடந்த ரெகவரி ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளின் உயிரை டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு காத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் தெரியவில்லை. முதல் பாதியை மட்டும் கேட்டவர்கள் காய்ச்சல் வந்த அன்றே மாத்திரையைப் போட்டார்கள். உங்கள் மாமனாரைப் போன்றவருக்கு அது சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றிவிடும். ஆக்சிஜன் சிலிண்டரும் வேண்டாம். 1,500 லிட்டர் கொள்ளும் சிலிண்டரை நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் திறந்தால் 5 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் தேவைப்படும் நிலை என்றால் அவர் இருக்க வேண்டிய இடம் மருத்துவமனை.

வாங்கி வைக்க வேண்டியது பாராசிட்டமால். பெரியவர்களுக்கு ஒருவேளைக்கு 500 மில்லிகிராமிலிருந்து 1 கிராம் வரை, வேளைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு இருந்தால் இன்னும் குறைவு. குழந்தைகளுக்கு ஒருவேளைக்கு, எடையின் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், எனவே பிள்ளைகளின் எடையைத் தெரிந்து வைத்திருங்கள். சளிக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைப் படித்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. இன்ன நோய் என்று தெரியாத காய்ச்சலில் பெரியவர்களும் வலிக்கென்று இபுபுரோஃபன், ஆஸ்பிரின் போடாமல் இருப்பது நல்லது. ரத்தக்கசிவு உண்டாக்கும் காய்ச்சலாக இருந்தால் அவை நிலைமையைக் கெடுக்கும். இதயத்துக்காக மருத்துவர் தினமும் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரின் வேறு கணக்கு, அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் சில. அது தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறினால் நன்மைக்குப் பதில் கெடுதல், அதனால் இந்த வரியை எழுதிச் சமையலறையில் ஒட்டிவிடுங்கள். ஒரு தெர்மாமீட்டர், விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர். உணவு, நீங்கள் வழக்கமாகச் சமைப்பதிலேயே இரண்டு வாரத்துக்கு. அதையும் ஒரே நாளில் அள்ளி வராமல், போகும்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாக. இந்த அளவுக்கு ஒரு அலமாரி போதும். கிடங்கு வேண்டாம் என்ற வரையில் உங்கள் கணவர் சொன்னது சரிதான்.

ஆக்சிமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் நலமாக இருக்கும்போதே ஒருமுறை அளந்து, ஆளுக்கு எவ்வளவு என்று குறித்து வையுங்கள். விரல் சூடாக இருக்க வேண்டும், நகப்பூச்சு கூடாது, ஒரு நிமிடம் அசையாமல் வைத்து, எண் நிலைத்த பிறகு படிக்க வேண்டும். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே எண் நன்றாக இருந்தும் ஆள் மூச்சு வாங்கினால், ஆளை நம்புங்கள். 94-க்குக் கீழே போனால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். 90-க்குக் கீழே என்றால் காத்திருக்கவே கூடாது.

கருவி இல்லாமலும் பார்க்கலாம். நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது தவறாகப் போகும். ஒன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தை அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அது வேகமூச்சு, மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரியவர்களில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 25-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். எந்த வயதிலும் உதடு நீலம் பாரிப்பது, எழுப்பினாலும் எழாமல் கிடப்பது, பேச்சு குழம்புவது, அரை நாளாகச் சிறுநீர் போகாமல் இருப்பது ஆகியவை உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள். முதியவர்களுக்குக் கடும் தொற்றிலும் காய்ச்சலே அடிக்காமல் இருக்கலாம். திடீரென்று தடுமாறி விழுகிறார், இடம் தெரியாமல் பேசுகிறார் என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். இன்னொன்று பலர் ஏமாறும் இடம்: நாலைந்து நாளில் தெளிந்து வந்தவருக்குத் திரும்பவும் காய்ச்சல் ஏறினால், அது பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த நுரையீரல் அழற்சி. இன்ஃப்ளூயன்ஸாவில் இது நாங்கள் நன்றாக அறிந்த போக்கு. அப்போது கொடுக்கும் ஆன்டிபயாடிக்குக்குத்தான் வேலை உண்டு, அதையும் மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

புதிய நோய்க்குத் தடுப்பூசி வர நாளாகும். இருக்கிற நோய்களுக்கான ஊசியை அதுவரை தள்ளிப்போடாதீர்கள். 2019-இல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் எபோலாவைப் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்தது. அதே சமயம் அங்கே தட்டம்மையில் இறந்தவர்கள் எபோலாவில் இறந்தவர்களைவிட அதிகம், பெரும்பாலும் குழந்தைகள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்து ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாமனார், மாமியாருக்கு இன்ஃப்ளூயன்ஸா ஊசியும், நுரையீரல் அழற்சி உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கான ஊசியும் போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள்.

செய்திக்கு உங்கள் நாட்டுச் சுகாதாரத் துறையையும் உலக சுகாதார நிறுவனத்தையும் மட்டும் பாருங்கள், அதுவும் நாளுக்கு ஒருமுறை. உங்கள் தூக்கத்துக்கும் அது நல்லது. 2020-இல் ஈரானில் ஆல்கஹால் குடித்தால் கோவிட் வராது என்ற வதந்தியை நம்பி, மெத்தனால் கலந்ததைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

எத்தனை நாள் தனியே வைப்பது என்பது நோயைப் பொறுத்தது. அம்மை போன்ற கொப்புளம் வரும் எம்பாக்ஸில் பொருக்கெல்லாம் உதிர்ந்து புதுத் தோல் வரும்வரை பொறுக்க வேண்டும். சில நோய்களில் காய்ச்சல் விட்டுச் சில நாளிலேயே பரவல் முடிந்துவிடும். சுகாதாரத் துறை சொல்லும் நாட்களைப் பின்பற்றுங்கள். நோயாளி அறையை விட்டு வந்த பிறகு, உள்ளே போய்வந்தவர் தன் உடல்சூட்டை இரண்டு வாரம் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நாட்களில் அவர் மாமியாரோடு அடைத்த அறையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம்.

இதையெல்லாம் பெரிய நோய் வந்த அன்று முதல் முறையாகச் செய்து பார்க்காதீர்கள். அடுத்து வீட்டில் பெரியவர் யாருக்காவது சாதாரணச் சளி பிடிக்கும்போது அவரை அந்த அறையில் வைத்து, விசிறி, குளியலறை முறை, மாஸ்க் எல்லாவற்றையும் அப்படியே நடத்திப் பாருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜர் செருக இடமில்லை, ராத்திரி கூப்பிட்டால் ஹாலுக்குக் கேட்கவில்லை, சாப்பாட்டுத் தட்டை வைக்கக் கதவருகே ஒரு முக்காலிகூட இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். சளிக்கே மூன்றாம் நாள் உங்கள் கணவர் அலுத்துக்கொண்டால், மாற்று ஆள் யார் என்பதை நீங்கள் இருவரும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.